கப்பலில் வந்த ராக்கெட்

அப்பாவும் நானும் மொபைலில் ராக்கெட் ஏவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கவுன்ட்டவுன் முடிவதற்குள் மாடி வீட்டு டிவியில் கைதட்டல் கேட்டுவிட்டது. எங்கள் நெட் அவ்வளவு மெதுவு.

எனக்குத் தீவில் நாங்கள் இருந்த டாலிகஞ்ச் வீடு ஞாபகம் வந்தது. மெயின்லேண்ட் கப்பலில், உப்புக்காற்றில் நமுத்த தமிழ்ப் பேப்பர் பத்து நாளுக்கும் சேர்த்துக் கட்டாக வரும். அப்பா தேதி வரிசையில் நாளுக்கு ஒன்றுதான் பிரிப்பார். ரேடியோவில் செய்தி தொடங்கினால் அணைத்துவிடுவார். "கப்பல்ல வரட்டுமே, என்ன ஜல்தி?"

ஒருநாள் பேப்பரில், நாளை ராக்கெட் கிளம்புகிறது என்று போட்டிருந்தது. அம்மா உடனே சாமி விளக்கை ஏற்றினாள். நானோ கட்டுக்குள் அதற்குக் கீழே இருந்த பேப்பரை முன்பே திருட்டுத்தனமாகப் பிரித்திருந்தேன். ராக்கெட் கடலில் விழுந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது.

"கண்டிப்பா மேல போயிடும்மா" என்றேன். அந்தப் பேப்பரின் முறை வரும்வரை எங்கள் வீட்டில் மட்டும் ராக்கெட் விழவே இல்லை.

இதை இன்றுதான் அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"திருட்டுத்தனமா பிரிச்சது நீ மட்டும்னா நெனச்ச? உங்கம்மா வெளக்கு ஏத்திட்டா. அப்புறம் எப்படிச் சொல்றது?"

மொபைலில் ராக்கெட் மேலே போய்க்கொண்டிருந்தது. மாடி வீட்டு டிவியில் மறுபடி கைதட்டினார்கள். இருவருமே காதில் விழாத மாதிரி உட்கார்ந்திருந்தோம்.