டிஸ்க்கும் மெயின் சுவிட்சும்

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் சின்ன அச்சகத்தில் டிசைன் போடுவது என் வேலை. வீட்டில் எனக்குப் பயந்தாங்கொள்ளி என்று பேர். அதிலும் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையில் நின்று, டிஸ்க்கைச் சரிபார் என்று சொன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன்.

முன்பொரு தடவை அப்படி நின்றபோது, சரிபார்க்கும் புரோகிராம் இதைத் திருத்தவா, அதைத் திருத்தவா என்று கேட்டுக்கொண்டே போனது. ஒன்றும் புரியாமல் எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். டிசைன்கள் மிஞ்சின, பெயர்கள் மிஞ்சவில்லை. எல்லாம் வெறும் எண்களாக ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன. எது சங்குசக்கரம், எது புஸ்வாணம் என்று திறந்து பார்த்துப் பெயர் வைப்பதிலேயே அந்த சீசன் போய்விட்டது.

போன ஆடியில் மறுபடி நின்றது. தீபாவளி டிசைன் முழுக்க அந்த ஒரே டிஸ்க்கில். வேறு பிரதி எடுத்து வைக்காத புத்திசாலி நான்தான். அது போனால் ஆர்டரும் போகும், என் வேலையும் போகும்.

இப்போதைய புரோகிராம் எவ்வளவோ தேவலாம். திருத்துகிற ஒவ்வொரு இடத்தின் பழைய நிலையையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும்; திருத்தம் கெட்டுப்போனால் அதை வைத்துப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். அதை பென்டிரைவில் எழுதச் சொல்லிவிட்டு, திருத்தத்தைத் தொடங்கினேன்.

பாதி ஓடியிருக்கும். "கருகுது! எல்லாரும் வெளிய வாங்க!" என்று வாசலில் முதலாளி அண்ணாச்சி கத்தினார். திரை அணைந்தது. மெயினை இறக்கிவிட்டார். கருகல் வாடை வந்தால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. முதலில் மெயின், அடுத்து ஓட்டம். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அம்மா எனக்கு நடை பழக்கியபோதே அதையும் பழக்கியிருந்தாள்.

பாதித் திருத்தத்தில் கரண்டு போனால் டிஸ்க் என்ன ஆகும்! "ஏன் அண்ணாச்சி அணைச்சீக? எல்லாம் போச்சு!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அலறினேன். "முதல்ல வெளிய வா தாயி" என்று அவர் கெஞ்சியது காதில் விழுந்தது. பென்டிரைவைப் பிடுங்கிக் கைக்குள் பொத்திக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

எலெக்ட்ரீஷியன் வந்து எதையோ கழற்றினார். நான் கவனிக்கவில்லை. கரண்டு வந்ததும், பென்டிரைவில் இருந்ததை வைத்து டிஸ்க்கைப் பழைய நிலைக்குத் திருப்பினேன். கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிட்டுக்கொண்டு மறுபடி திருத்தம் ஓட்டினேன். டிசைன்கள் வந்தன, பெயரோடு. அழுதுவிட்டேன்.

"எல்லாம் வந்துருச்சு அண்ணாச்சி!"

அவர் திரையைப் பார்க்கவே இல்லை. கையில் கருகின ஃபேன் வயர். "உன் நாற்காலிக்குப் பின்னால, பேப்பர் கட்டு மேல கெடந்துச்சும்மா. அம்புட்டுப் பேரும் ஓடியாந்தாக. நீ மட்டும் வரலை."

டிஸ்க் தப்பியதை அன்றைக்கே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஓடாமல் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல இன்னும் தைரியம் வரவில்லை.