குலுங்கக் கூடாத பெட்டி

டொக்டர் மிஸ்ஸின் நீல ஐஸ் பெட்டி என் ஓட்டோவின் பின் ஆசனத்தில் அவரை ஒட்டியே வரும். உள்ளே பெண்களின் இரத்தம் அடைத்த சிறு குழாய்கள். மருதமுனை வீதியில் பள்ளம் கண்டால், "நானா, குலுங்கப்படா" என்பார், அண்ணனைக் கூப்பிடுவது போல. நான் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்குவேன்.

பெண்களுக்கு மார்பில் புற்றுநோய் ஏன் வருகிறது, யாருக்கு வரக்கூடும் என்று தேடும் ஆராய்ச்சி அவருடையது. நூலுக்குச் சாயம் போடுகிறவர்கள், மருந்தடித்த வயலில் இறங்குகிறவர்கள் என்று வீடு வீடாகப் போனோம். கிணற்றுத் தண்ணீரையும் போத்தலில் எடுப்பார். பெண்கள் விஷயம் என்பதால் நான் வாசலிலேயே நிற்பேன். எனக்கு ஆண்களோடு கதைக்கவே கூச்சம், பெண்களோடு எப்படி? ஆனால் ஒரு கேள்வி எல்லா வீட்டிலும் காதில் விழும்: "உங்கட குடும்பத்தில ஆருக்கும் இந்த வருத்தம் வந்ததா?" "எங்கட குடியில இல்ல மிஸ்" என்பார்கள். எங்கள் ஊர்களில் குடி என்பது தாய்வழி வம்சம்; பிள்ளைகள் தாயின் குடி. வாப்பா வேறு குடி.

ஒருநாள் என் வீட்டுக்கே வந்தார். மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம். "எங்கட குடியில ஒருத்தருக்கும் இல்ல மிஸ்" என்றாள் மகள். அவள் பொய் சொல்லவில்லை. என் உம்மாவும் கூடப்பிறந்த ராத்தாவும் அந்த நோயில்தான் மௌத்தானார்கள்; ஆனால் அவர்கள் என் குடி. இரத்தம் கொடுக்கக் கை நீட்டி இருந்த மகளைப் பார்த்தேன். அப்படியே ராத்தாவின் முகம். முகம் என் வழியாக வந்ததென்றால் வேறு என்னவெல்லாம் வந்திருக்கும்? கல்யாணப் பேச்சை நினைத்துக்கொண்டு ஓட்டோவைக் கிளப்பப் போனேன்.

பெட்டியோடு கல்முனைக்குத் திரும்பும் வழியில் ஓட்டோவை ஓரமாக நிறுத்தினேன். திரும்பிப் பார்க்காமலே சொன்னேன்: "மிஸ், எண்ட உம்மாவும் ராத்தாவும் இதாலதான் மௌத்து. மகளுக்கு ராத்தாட முகம்."

"வாப்பாவால வராதெண்டு ஆர் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல மிஸ்."

"வரும் நானா. எத்தின வீட்டில இப்பிடி விட்டுட்டு வந்தமோ! முதல்ல உங்கட ரத்தத்தையும் எடுப்பம்."

பழைய வீடுகளுக்கெல்லாம் மறுபடி போனோம். இம்முறை வாப்பா பக்கத்தையும் கேட்டார்.

முடிவு வர மாதங்கள் சென்றன. என் இரத்தத்தில் இருந்த கோளாறு மகளிடமும் இருந்தது. "இது வருத்தம் இல்ல மகள். வரக்கூடும், அவ்வளவுதான். வாறதுக்கு முந்தி நாம பார்த்துக்கொண்டிருப்பம்" என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னார் டொக்டர் மிஸ். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். மரியாதையாகத் தேத்தண்ணி தந்தார்கள். பிறகு ஒரு செய்தியும் வரவில்லை.

டொக்டர் மிஸ் மாற்றலாகிப் போய்விட்டார். பெட்டி இருந்த இடத்தில் இன்று காலை மகள் இருந்தாள். வருடா வருடம் ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். போன வருடம் ஒன்றும் இல்லை என்றார்கள். இந்த வருடம் என்ன சொல்வார்களோ தெரியாது. பள்ளம் வந்தது. வேகத்தைக் குறைத்தேன்.

"என்ன வாப்பா, நான் என்ன ரத்தக் குழாயா? கெதியாப் போங்க."

"ஓம் மகள்" என்றேன். அடுத்த பள்ளத்திலும் மெதுவாகத்தான் இறங்கினேன்.