வரைபடத்தில் மிஞ்சிய இடுகாடு

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழைய பொருள் கடையில் நிற்கிறேன். இன்று ரிசார்ட்டுகள் வரிசைகட்டியிருக்கும் கடற்கரையின் பழைய நில அளவை வரைபடம் சுவரில் தொங்குகிறது. அதில் கரை இப்போது இருப்பதைவிட வெகுதூரம் மேற்கே ஓடுகிறது.

நான் விலை கேட்கும்போது, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் அருகில் வந்து நிற்கிறார். பெயர் முருகேசன், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. தாத்தா காலத்திலேயே திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம் என்கிறார்.

"சாரே, இதை வாங்கப் போறீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

அவர் கரையோரம் இருக்கும் ஒரு சின்னக் குறியைத் தொடுகிறார். இடுகாடு.

"என் மோளை இங்கதான் அடக்கினோம். அஞ்சு வயசுப் பொண்ணு. பின்ன கடல் கேறி வந்து எல்லாத்தையும் கொண்டுபோச்சு. இப்ப அந்த இடம் இந்தப் படத்துல மட்டும்தான் உண்டு. வேலை முடிஞ்சா வந்து பாப்பேன்."

நானே வாங்கித் தருகிறேன், வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்கிறேன். அவர் மறுக்கிறார்.

"வேண்டாம் சாரே. அவ அம்மை பாத்தா தாங்க மாட்டா. மோளுக்குக் கடல்னா பேடி. கரைக்குக் கூட்டிட்டுப் போனா பயந்து என் கழுத்தைக் கட்டிக்குவா, மணல்ல இறங்கவே மாட்டா."