பூவரச மரத்துப் பலகை

வேப்பம்பட்டு பக்கம் எங்கள் கல்லூரி தொடங்கிய முதல் வருஷம். ஒரே ஒரு கட்டடம், சுற்றிலும் பொட்டல். மறுநாள் ஆய்வுக் குழு வருகிறது, வளாகத்தில் மரக்கன்று இருந்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு புது விரிவுரையாளரான என் தலையில் விழுந்தது. நான் வேப்பங்கொம்புகளை ஒடித்துவந்து, கன்று மாதிரி குழியில் செருகிக்கொண்டிருந்தேன்.

புதுச் சுவருக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த சித்தாள் செல்வியக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா சார் இது? வேரில்லாம வெச்சா காஞ்சிடும்."

"நாளைக்கு ஒருநாள் நின்னா போதும்க்கா."

"அப்பால பசங்களுக்கு நெழலு வாணாமா?"

அவரே ஏரிக்கரைக்குப் போய்ப் பூவரசங்கொம்புகளை வெட்டிவந்து குழிகளில் நட்டார். "இது வெறுங்கொம்பை நட்டாலே புடிச்சிக்கும் சார்."

குழு வந்து போனது. அதன்பிறகும், வேலை முடிகிறவரை, சுவருக்கு விட்ட கையோடு கொம்புகளுக்கும் தண்ணீர் விட்டார்.

இன்று அந்த மரங்களின் கீழேதான் பிள்ளைகள் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். நட்டது நான் என்று கல்லூரி ஒரு பலகை வைத்திருந்தது. இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போன வாரம் நானே அதைக் கழற்றினேன். செல்வியக்கா இப்போது எந்தச் சுவருக்குத் தண்ணீர் விடுகிறாரோ. புதுப் பலகைக்கு அவர் பேரைத்தான் எழுதக் கொடுத்திருக்கிறேன்.