ஒன்பதாயிரத்துக்குப் போட்ட கையெழுத்து

2009-ஆம் வருஷம், ஜூலை மாதம். கடலூரில் ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு சிதம்பரத்தில். தினம் விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி, நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே பாடம் நடத்தி, நின்றுகொண்டே திரும்பி வருவேன்.

பி.எட். படிக்க பேங்கில் எழுபதாயிரம் கடன் வாங்கியிருந்தேன். அப்பா கிடையாது. அம்மாவின் தம்பி, என் மாமாதான் ஜாமீன் போட்டார். குறிஞ்சிப்பாடியில் சொந்தமாக ஒரு லோடு ஆட்டோ வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். கடன் வாங்கும்போது வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். டீச்சர் வேலை என்றால் எடுத்த எடுப்பிலேயே எட்டாயிரம், ஒன்பதாயிரம் வரும், அதில் இரண்டாயிரம் தவணைக்குப் போனால் என்ன என்று பேசிக்கொண்டோம். எம்.எஸ்சி. கணக்குப் படித்த நான்தான் அந்த அருமையான கணக்கையும் போட்டேன்!

கைக்கு வந்தது மூவாயிரத்து ஐந்நூறு. அதில் ஒரு பங்கு பஸ்சுக்கே போய்விடும். எங்கள் பள்ளி வேன் டிரைவருக்கு என்னைவிட ஜாஸ்தி. அவர் அதற்காகக் கடன் வாங்கிப் படிக்கவும் இல்லை.

இதில் ஒரு கூத்து உண்டு. சம்பள நாளன்று ஆபீசில், அரசாங்கத்துக்குக் காட்டும் சம்பள ரிஜிஸ்டரில், ஒன்பதாயிரம் என்று எழுதியிருக்கும் இடத்தில் ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். கவரில் மூவாயிரத்து ஐந்நூறு இருக்கும். முதல் மாதம் நான் திகைத்து நின்றபோது, பக்கத்தில் இருந்த தமிழ் டீச்சர், "எல்லா ஸ்கூல்லயும் இப்டித்தான் டீச்சர், கம்முனு போடுங்க" என்றார். போட்டேன். வேலையில் சேரும்போதே ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளை எல்லாம் வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். வாயைத் திறக்க முடியுமா?

தவணை நின்றுபோனது. பேங்க் நோட்டீஸ் மாமா வீட்டுக்குப் போனது. சம்பளம் சரியாக வருவதில்லை என்று மட்டும் அவரிடம் சொல்லிவைத்திருந்தேன். தவணையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேட்கலாம் என்று நானும் மாமாவும் சிதம்பரம் கிளைக்குப் போனோம். சம்பளச் சான்று கொண்டு வரச் சொன்னார் மேனேஜர். எனக்கு ஒரே சந்தோஷம். என் சம்பளத்தைப் பார்த்தால் கல்லும் இரங்குமே! பள்ளியில் கேட்டேன். மறுநாளே கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பிரித்துப் பார்க்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

மேனேஜர் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, மாசம் ஒம்பதாயிரம் வாங்குறீங்க. ரெண்டாயிரம் கட்ட வலிக்குதா? பாவம், இந்த மனுசன ஏன் அலைய வுடுறீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைவிட, மாமா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாரே ஒரு பார்வை, அதில் நான் செத்தே போனேன். சம்பளத்தை மறைத்துவிட்டேன் என்று ஒரு நிமிஷம் அவர் நினைத்துவிட்டார்.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் கெட்டவர் இல்லை. "கைக்கு இவ்ளோதான் வருதுன்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்புறேன். ஆனா ஸ்கூலுக்கு லெட்டர் போட்டுக் கேப்பாங்க" என்று ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தினார். பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு எழுத்து ஓடவில்லை.

மாமாதான் பேனாவை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தார். "வேணாம் பாப்பா. உன் சர்ட்டிபிகேட்டு அவுங்க பீரோவுல கெடக்கு. அத வச்சிக்கிட்டு ஆட்டம் காட்டுவானுவ. நான் பாத்துக்கிறேன்."

பார்த்துக்கொண்டார். லோடு ஆட்டோவை விற்றுக் கடனை அடைத்தார். அதற்கப்புறம் வேறொருவர் வண்டிக்குக் கூலி டிரைவராகப் போனார். அத்தை ரொம்ப நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

மாமா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, "ஒரு வருசமா எங்கிட்ட ஏன் பாப்பா சொல்லல?" என்று மட்டும் கேட்டார். வண்டி ஓட்டும் அவருடைய வருமானத்தில் பாதிகூட இல்லை, இத்தனை படித்த என் சம்பளம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது என்று எப்படிச் சொல்வேன்?

அடுத்த சம்பள நாளும் வந்தது. ஆபீசுக்குப் போனேன். ஒன்பதாயிரத்துக்கு நேராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கவரை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

என்னை நம்பி மாமா ஒரே ஒருமுறை போட்ட உண்மையான கையெழுத்து அவர் பிழைப்பையே கொண்டுபோனது. பொய் என்று தெரிந்தே மாதாமாதம் எங்களைப் போடவைத்தவர்களுக்கு ஒரு துரும்பும் அசையவில்லை என்பதை இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.