வீரணன் கத்தாமல் இருந்த மூட்டம்

எம்.ரெட்டியபட்டி வீரணனுக்கு வயது நாற்பத்து நாலு. அவருடைய தொண்டைக்கு மட்டும் வயதே ஆகவில்லை. அவர் ஒரு சத்தம் போட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் மேய்கிற ஆடு தலையைத் தூக்கிப் பார்க்கும். நம்மை இல்லை என்று தெரிந்துகொண்டு மறுபடி மேயும். பஸ் தாமதமாக வந்தால் கத்துவார். நேரத்துக்கு வந்தால், நேற்று ஏன் இப்படி வரவில்லை என்று கத்துவார்.

தொழில், கரிமூட்டம். சீமைக்கருவேலக் கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்துவிட்டால் எட்டு நாள் புகையும். கொழுந்துவிட்டு எரியவும் கூடாது, அணையவும் கூடாது. பூச்சில் விரல் நுழைகிற அளவு வெடிப்பு விழுந்தாலும் காற்று புகுந்து கரியெல்லாம் சாம்பலாகிவிடும். அதனால் ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்து புகையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளையாக வந்தால் கட்டையில் ஈரம் இருக்கிறது, போய்க்கொண்டிருக்கிறது. நீலமானால் கரி தயார். இவ்வளவு பொறுமையான வேலையை இவ்வளவு பொறுமையில்லாத மனிதர் இருபது வருஷமாகச் செய்துவந்தது அந்தப் பக்கத்து அதிசயங்களில் ஒன்று.

பங்குனியில் அவர் மனைவி துர்காதேவி மல்லாங்கிணற்றில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மண் குழைக்க வைத்திருந்த தண்ணீரில் அரிசி கழுவியதுதான் அவள் செய்த குற்றம். வீரணன் போட்ட சத்தத்தில் அந்த அரிசி அடுப்பில்லாமலே வெந்திருக்கும். அவள் சோற்றை வடித்து, மூடி வைத்துவிட்டு பஸ் ஏறினாள். பத்து நாள் கழித்துத்தான் போனில் பேசினாள்.

“ஒரு மூட்டம் எரிஞ்சு முடியிற வரைக்கும் கத்தாம இருந்து காட்டுங்க. அப்ப வாரேன். இல்லன்னா நான் இங்கனயே இருந்துக்கிறேன்.”

சாட்சிக்கு ஜோயல். கரி மூடை ஏற்றுகிற வேனின் டிரைவர், துர்காவை அக்கா என்று கூப்பிடுகிறவன். மூட்டத்துக்கு நெருப்பு வைத்த அன்றே வீரணனின் போனில் ஒரு அம்மா பேசுகிற தியானப் பேச்சை ஏற்றிக் கொடுத்தான்.

“பிரஷர் பாத்த நர்சம்மா மூச்சைக் கவனிக்கச் சொன்னாகள்ல? இந்த அம்மா சொல்றபடி செய்யிங்கண்ணே.”

“மூச்சுல என்னடா கவனிக்கிறதுக்கு இருக்கு? அது பாட்டுக்குப் போகுது, வருது.”

“அதாண்ணே. சத்தம் போடாமப் போயிட்டு வருதுல்ல? அதைப் பாத்துப் பழகுங்க.”

கண்களை மூடுங்கள் என்றது போன். ஒரு நதிக்கரையில் அமர்ந்திருக்கிறீர்கள் என்றது. வீரணன் பார்த்த நதியிலெல்லாம் மணலும் முள்ளும்தான் கிடந்தன. ஆனாலும் மூடிய கண்ணுக்குள் எங்கிருந்தோ தண்ணீர் வந்தது. என்றோ ஒரு ஐப்பசியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்த தண்ணீர். அதில் காலை விட்டார். பொடிமீன்கள் விரலைக் கடித்தன. எதிர்க்கரையில் துர்கா சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எதையும் தேடாமல் நடந்துகொண்டிருந்தாள். கோபம் ஒன்று வந்து கரையில் நின்றது. அதற்கு நீச்சல் தெரியாது போல, நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மூன்றாம் நாள் ஜோயல் சோதித்துப் பார்த்தான்.

“என்னண்ணே மூட்டம் இது? கழுத ஒரு காலத் தூக்கிக்கிட்டு நின்ன மாதிரி இருக்கு.”

வீரணன் மூச்சை உள்ளே இழுத்தார், வெளியே விட்டார். “இருக்கட்டும்டா.”

ஜோயல் பயந்துபோய் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். அன்று சாயங்காலமே துர்காவுக்குப் போன் போட்டான். “அக்கா, அண்ணன் அண்ணனாவே இல்ல. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க.”

ஆறாம் நாள் மத்தியானம். கரிசல் காடு முழுக்க வெயில் தண்ணீராக நெளிந்தது. பத்து நிமிஷத் தியானம் அரைமணி நேரமாக வளர்ந்திருந்தது. வீரணன் கண்ணுக்குள்ளே இடுப்பளவு தண்ணீரில் நின்றார். மூட்டத்தின் மேற்குப் பக்கம் மெல்ல வாயைத் திறந்தது. மூட்டம் காக்கிற மனிதர் கண்ணை மூடி உட்காரக் கூடாது என்று போனில் பேசிய அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

வாசனைதான் எழுப்பியது. எழுந்து பார்த்தால் வெடிப்பில் தீ நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதே நேரம் வேன் வந்து நின்றது. துர்கா இறங்கினாள்.

வயிற்றிலிருந்து சத்தம் கிளம்பியது. தொண்டைவரை வந்துவிட்டது. ஜோயலைத் திட்ட வேண்டும், போனைத் திட்ட வேண்டும், சொல்லாமல் வந்ததற்கு அவளையும் திட்ட வேண்டும். வீரணன் இந்த முறை கண்ணை மூடவில்லை. இருபது வருஷம் புகையைப் பார்த்த அதே கண்ணால் உள்ளே கிளம்பிய கோபத்தைப் பார்த்தார். வெள்ளைதான். ஈரம் போகிறது. போகட்டும். வெள்ளைப் புகையை யாராவது அதட்டுவார்களா?

“துர்கா, அந்தக் கொடத்த எடுத்தா” என்றார், தூங்குகிற பிள்ளைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி.

அவள் குடத்தை நீட்டினாள். “ஏங்க, ஒங்களுக்கு ஒடம்புக்கு என்ன செய்யுது?”

அவர் மண்ணை அள்ளினார், அவள் தண்ணீர் விட்டாள், ஜோயல் கையால் குழைத்தான். வெடிப்பு அடைபட்டபோது கால்வாசிக் கட்டை சாம்பலாகியிருந்தது.

“எப்படி விட்டீக?” என்றாள் துர்கா.

ஜோயல் தன் செருப்பைப் பார்த்தான். வீரணன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. “கண்ணை மூடிக்கிட்டு மூச்சப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

துர்கா சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. “எட்டூருக்குத் தேடுனாலும் இப்படி ஒரு காவக்காரரு கெடைக்க மாட்டாரு. மூச்ச கண்ணத் தெறந்துக்கிட்டுப் பாத்தா வராதாமா?”

அவள் மூட்டத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புகை இருவருக்கும் நடுவே அவசரமில்லாமல் ஏறியது.

“ஏலே ஜோயலு, வேன்ல என் பை கெடக்கு, எறக்கி வை” என்றாள். பிறகு வீரணனைப் பார்க்காமலே, “ரெண்டு நாளைக்குத்தான் துணி இருக்கு. மூட்டம் முடியட்டும், மிச்சத்த அப்பப் பாப்போம்.”

வீரணனுக்கு மறுபடி தொண்டைவரை சத்தம் வந்தது. இது வேறு மாதிரி இருந்தது.

“துர்கா, சந்தோசத்துல கத்துனா கணக்குல சேருமா?”

“சேரும்” என்றாள் அவள், புகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.