சூசைராஜ் சார் போட்ட சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை சூசைராஜ் சாரின் மனைவி ரெஜினா அக்கா போன் செய்தார். "வசந்தா, சார் நம்மள வுட்டுட்டுப் போயிட்டாங்கம்மா." பல மாதங்களாகச் சிறுநீரகம் படுத்திய பாடு தெரியும்.

கடலூரில் ஒரே பள்ளியில் அவர் இயற்பியல், நான் தமிழ். பழைய வால்வு ரேடியோ என்றால் அவர் சாப்பாட்டையே மறந்துவிடுவார். பேச்சோ மெல்லிசு. கடைசி பெஞ்சுக்குக் கேட்கவில்லை என்று ஒவ்வொரு வருடமும் புகார் வரும்.

அவர் கத்தி நான் கேட்டது ஒரே ஒரு முறை. சிதம்பரத்தில் என் நாத்தனார் கமலா மகள் பிரியாவுக்கு வளைகாப்பு; சாரையும் அழைத்துப் போயிருந்தேன். கமலா தன் மாமனாரின் வால்வு ரேடியோவைத் துடைத்துக் கூடத்தில் வைத்திருந்தாள். கொஞ்ச நேரம் பாடி, ஒரே இரைச்சலாகிவிட, அணைத்துவிட்டாள். நலங்கு முடிந்து, கைகழுவிய ஈரத்தோடு வெறுங்காலில் வந்த பிரியா, ஸ்டேஷன் மாற்றும் தண்டை நோக்கிக் கையை நீட்டினாள்.

"தொடாதே! கைய எடு!"

பிரியா அலறிப் பின்வாங்கினாள். சார் ஓடிப்போய்ச் சுவரிலிருந்த ப்ளக்கைப் பிடுங்கினார்.

"மாசமா இருக்குற பொண்ணுகிட்ட இப்படியா சார் கத்துவீங்க?" என்று என் கணவர் எகிறினார். சம்பந்தி வீட்டார் எழுந்து நின்றுவிட்டார்கள். அழைத்துவந்த எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சார் ஒரு டெஸ்டர் கேட்டார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ப்ளக்கை எடுத்த மாதிரியே மறுபடி சொருகி, டெஸ்டரைத் தண்டில் வைத்தார். உள்ளே சிவப்பாக எரிந்தது.

"ரேடியோ ஆஃப்லதானே இருக்கு?" என்றார் கணவர்.

அப்புறம்தான் சார் விளக்கினார். பல செட்களில் டிரான்ஸ்பார்மர் இருக்கும். வீட்டுக் கரண்ட் ரேடியோவின் உடம்புக்கு வராமல் அது பிரித்து வைக்கும். இந்த வகையில் அது கிடையாது. வால்வுகளைச் சீரியல் பல்பு மாதிரி கோர்த்து நேரே கரண்டில் மாட்டியிருப்பார்கள். உள்ளே உள்ள இரும்புச் சட்டமும் அதோடு சேர்ந்தது. இரண்டு பின் ப்ளக்கைத் திருப்பிச் சொருகிவிட்டால், அணைத்த பிறகும் கரண்ட் சட்டத்துக்கு வந்து நிற்கும். மரப்பெட்டியும் பிளாஸ்டிக் குமிழும்தான் நமக்குக் காவல். இந்தச் செட்டில் குமிழ் உடைந்து, மொட்டை இரும்புத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

கமலா முகம் வெளுத்துக் கேட்டாள்: "நேத்து நான் அதைப் புடிச்சுத்தானே சார் திருப்புனேன்? ஒண்ணும் ஆவலியே."

"நேத்து ப்ளக்க வேற பக்கமா சொருவியிருப்பீங்கம்மா."

பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கணவர் சாருக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. ப்ளக்கை மறுபடி பிடுங்கி, வயரைச் சுருட்டிக் கட்டினார்.

கடலூர் பஸ்ஸில், மெதுவாகச் சொல்லியிருக்கலாமே சார் என்றேன்.

"மெதுவா சொன்னா, 'என்ன சார்?'னு என்னைத் திரும்பிப் பாத்துக்கிட்டே தொட்டிருக்கும் டீச்சர். நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்கன்னு அப்ப யோசிக்க முடியுமா?"

பிறகு அந்தச் செட்டுக்கு ஒரு டிரான்ஸ்பார்மரும் புதுக் குமிழும் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். பிரியாவின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

போன மாதம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் ரிவர்ஸில் வந்த ஒரு பஸ்ஸுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பெரியவர் போனில் பேசியபடி நின்றிருந்தார். நான் போட்ட சத்தத்தில் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. டிரைவர் பிரேக் அடித்தார். "ஏம்மா இப்படிக் கத்துறே?" என்று பெரியவர் என்னைத்தான் திட்டினார்.

திட்டட்டும் என்று நின்றேன். சாரிடமிருந்து எனக்கு வந்தது அந்தச் சத்தம்.